குசினிக்க வந்த கருவாட்டு மணம்

2023 ஐப்பசி மழை நேரம். எங்கட வெள்ளவத்தை வீட்டுக் குசினிக்க மூண்டு நாளா ஒரு மணம். கருவாடு மாதிரி, ஆனா கருவாடு இல்ல, சட்டியில மீன் கருகினா வருமே அதுக்குக் கிட்ட. அம்மா பிரிட்ஜை முழுக்க வெளிய எடுத்துக் கழுவினா, சிங்குக்குக் கீழ எலி ஏதும் செத்துக் கிடக்கோ எண்டு என்னை டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னா, கடைசியா "அந்தக் கடல் பக்கத்து ஜன்னலைப் பூட்டு தம்பி, கீழ் வீட்டில ஆரோ பொரிக்கினம்" எண்டு முடிவுக்கு வந்திட்டா. நானும் சரியெண்டு விட்டிட்டன். மூண்டாம் நாள் பின்னேரம் இண்டக்ஷன் குக்கரில புட்டு அவியுது, பக்கத்தில ரைஸ் குக்கரும் போட்டிருக்கு, நான் தண்ணி குடிக்கப் போனவன் தற்செயலா அந்த பிளக் பொயின்டுக்கு மேல கையை வச்சிட்டன், உடன கையை இழுத்திட்டன். தேத்தண்ணிக் கோப்பை மாதிரி சுட்டது.

மெயினை இறக்கிப்போட்டு, டெஸ்டரால பாத்து, பிளேட்டைக் கழட்டினா உள்ள வயர்களைச் சேக்கப் போட்டிருந்த வெள்ளைக் கனெக்டர் கறுப்பாகி, உருகி ஒரு பக்கம் வழிஞ்சு, சன்க் பொக்ஸின்ட அடியில ஒட்டிக் கிடக்கு. வயரின்ட மேல் தோல் ஒரு ரெண்டு இஞ்சி நீளத்துக்கு பிஸ்கட் மாதிரி காய்ஞ்சு, தொட்டவுடன நொறுங்குது. ஒரு ஸ்க்ரூவை விரலால திருப்பலாம். அந்த பொக்ஸ் சுவருக்குள்ள பதிச்ச இரும்பு பொக்ஸ், அதால தப்பினம். அதையே பலகைக் கபோர்டுக்குப் பின்னால பிளாஸ்டிக் கேசிங்குக்குள்ள ஓட்டியிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நான் அண்டைக்கு இரவு முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடந்தன், ஏனெண்டா அந்த ஜொயின்டைப் போட்டது வேற ஆருமில்ல, நான்தான்.

2022 பங்குனியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் ஒரு சின்ன இன்வேட்டர் வாங்கினன், அதை சார்ஜ் போட ஒரு பொயின்ட் தேவைப்பட்டது, எலக்ட்ரீசியன் ஒருத்தரும் வாறமாதிரி இல்ல, பெற்றோலுக்கு லைனில நிக்கிற காலம். குசினிப் பொயின்டில இருந்து ஒரு லைனை நீட்டி இன்னொரு பொயின்டை நானே போட்டன். இன்வேட்டர் இழுக்கிறது கொஞ்சம்தானே, என்ன வரப்போகுது எண்ட யோசனை. அதுக்குப் பிறகு காஸ் இல்லாமப் போக அம்மா இண்டக்ஷன் குக்கருக்கு மாறினா, அதை வைக்க வசதியான இடம் அந்தப் புதுப் பொயின்ட். ஆக நான் ஒரு சின்னச் சாமானுக்கெண்டு போட்ட ஜொயின்டில 2000 வாட் குக்கரும் 700 வாட் ரைஸ் குக்கரும் ஒண்டரை வருஷம் ஓடியிருக்கு. 230 வோல்டில கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட 11.7 அம்பியர். ஒரு பொயின்டை என்னத்துக்குப் போட்டமோ அதுக்கு மட்டும்தான் அதைப் பாவிப்பம் எண்டில்ல, நாளைக்கு அதில எதைக் கொழுவுவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதால ஜொயின்டை அந்த லைனின்ட முழு பிரேக்கர் அளவுக்கும் தாங்கிறமாதிரித்தான் போடவேணும்.

எனக்கு விளங்காத விஷயம் ஒண்டு இருந்தது. வீட்டில 20 அம்பியர் பிரேக்கர் இருக்கு, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கு, ரெண்டுமே நல்ல நிலையில இருக்கு, பிறகேன் ஒண்டும் விழேல்ல? அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில இருந்து எங்களுக்கு வழமையா வேலை செய்யிற அண்ணையைக் கூப்பிட்டன். முப்பது வருஷத்துக்கு மேல வயரிங் செய்யிறவர். அவர் உருகின துண்டைக் கையில வச்சுப் பாத்திட்டு, "தம்பி, பிரேக்கருக்கு இது தெரியாது" எண்டார். பிரேக்கர் பாக்கிறது கரண்ட் அளவுக்கு மேல போகுதோ எண்டதை, போனது 12 அம்பியருக்கும் உள்ள. ட்ரிப் சுவிச் பாக்கிறது போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருதோ, இடையில எங்கயும் எர்த்துக்கோ ஆள் மேலயோ கசியுதோ எண்டதை, ஒண்டும் கசியேல்ல. ரெண்டும் தங்கட வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு. லூசான ஜொயின்ட் எண்டது கரண்ட் போற பாதையிலயே ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டமாதிரி. அந்த இடத்தில தடை வெறும் 0.1 ஓம் எண்டு வையுங்கோ, 12 அம்பியர் ஓடேக்க 12ஐ 12ஆல பெருக்கி 0.1ஆல பெருக்கினா 14 வாட்டுக்கு மேல வருது. ஒரு சின்ன சோல்டரிங் அயனை மூடின பொக்ஸுக்குள்ள வச்சு மணித்தியாலக் கணக்கா எரியவிட்டமாதிரி. வயரின்ட சாதாரண பிவிசி தோல் தாங்கிறது 70 பாகை வரைக்கும்தான். சூட்டில செம்பு விரியுது, ஆறேக்க சுருங்குது, அப்பிடியே ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் லூசாகுது, மேல கறுப்பா ஒட்சைட் படியுது, தடை கூடுது, சூடு கூடுது. ஒவ்வொரு நாள் சமையலும் அதை இன்னும் ஒரு படி பழுதாக்கிக்கொண்டு இருந்திருக்கு.

மணத்தையும் அவர்தான் விளங்கப்படுத்தினார். பிளக்குகளிலயும் சுவிச்சுகளிலயும் கனெக்டர்களிலயும் பாவிக்கிற சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மேல சூடானா மீன் மணம் மாதிரித்தான் வருமாம். இதை எங்கட ஆக்களுக்குச் சொல்லியே ஆகவேணும். கொழும்பில கடல் பக்கம் இருக்கிறவைக்கு மீன் மணம் வந்தா கரண்ட் ஞாபகம் வராது. காரணம் தெரியாம அப்பிடி ஒரு மணம் விட்டு விட்டு வந்தா, அதுவும் ஏதாவது பெரிய சாமான் ஓடேக்க மட்டும் வந்தா, பிரிட்ஜைக் கழுவ முதல் பிளக் பொயின்டுகளுக்கு மேல புறங்கையை வச்சுப் பாருங்கோ. வேற சாமான் போடேக்க லைட் மங்கி மங்கி எரியிறது, சுவிச்சுக்குள்ள சின்னதா ஒரு சிரசிரப்புக் கேக்கிறது, பிளேட்டில மஞ்சள் படுறது, இதெல்லாம் அதே விஷயம்தான்.

இனி நான் விட்ட பிழைகளைச் சொல்லுறன். எல்லாம் துவங்கினது கனெக்டரின்ட அளவில. எல்லாக் கடையிலயும் பார் பாரா விக்கிற அந்த வெள்ளைக் கனெக்டர், தேவையான அளவுக்கு வெட்டி எடுக்கிறது, அதில 5 அம்பியர், 15 அம்பியர், 30 அம்பியர் எண்டு ஓட்டை சின்னனும் பெரிசுமா இருக்கு. என்னட்ட வீட்டில கிடந்தது லைட்டுக்குப் போடுற சின்னன். வயர் 7/0.67, அதாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு, எல்லாம் சேத்து 2.5 சதுர மில்லிமீற்றர் வரும். ஒரு ஓட்டைக்குள்ள அப்பிடி ரெண்டு வயர் போகவேண்டியிருந்தது, போகேல்ல, அப்ப நான் செய்த வேலை ரெண்டு வயரிலயும் ரெண்டு ரெண்டு கம்பியைக் குறட்டால வெட்டினது. அந்த இடத்தில வயர் 2.5இல இருந்து 1.8க்குக் கிட்டக் குறைஞ்சு போச்சு, ரெண்டாவது வயர் மற்றதுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஸ்க்ரூ அதில முட்டவே இல்ல. கம்பி வெட்டினாத்தான் போகும் எண்டா அந்தக் கனெக்டர் அந்த வயருக்குரியது இல்ல, அவ்வளவுதான், வேற யோசிக்கத் தேவையில்ல. நான் வெட்டின அந்த நிமிஷத்திலயே நிப்பாட்டியிருக்க வேணும்.

அதுக்காக ஸ்க்ரூக் கனெக்டர் கூடாது எண்டில்ல, அந்த அண்ணை இப்பவும் பாவிக்கிறார். ஆனா அவர் செய்யிற விதம் வேற. தோலைச் சரியான அளவுக்கு உரிச்சு, செம்பு வெளியில தெரியாம முழுக்க உள்ள விட்டு, வயரின்ட தோலுக்கு மேல ஸ்க்ரூ பிடிக்காமப் பாத்து இறுக்குவார் (தோலைப் பிடிச்சா ஸ்க்ரூ இறுகினமாதிரி இருக்கும், கரண்ட் வடிவாப் போகாது). 1/1.13 மாதிரி ஒத்தைக் கம்பி மெல்லிசா இருந்தா நுனியை மடிச்சு ரெட்டையாக்கி விடுவார். மெல்லிய கம்பி கனக்க உள்ள பிளெக்ஸ் வயரெண்டா ஸ்க்ரூ நேர இறங்கி அந்தக் கம்பிகளை அறுத்துப்போடும், அதுக்கு நுனியில ஒரு சின்னக் குழாய் போட்டு நசுக்கவேணும், பெருல் எண்டு கேட்டா கடையில தருவினம். பிளெக்ஸ் நுனிக்கு ஈயம் பத்தவச்சு ஸ்க்ரூவுக்குள்ள போடுற பழக்கம் எனக்கும் இருந்தது, பாக்க நல்ல உறுதியா இருக்கும், ஆனா ஈயம் மென்மையான சாமான், ஸ்க்ரூ அமத்த அமத்த நாளடைவில நசுங்கி விலகிப் போகும், பிறகு லூஸ். இறுக்கின பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியா இழுத்துப் பாக்கிறது அவருக்கு ஒரு சடங்கு மாதிரி, நான் பக்கத்தில நிண்டு கதை குடுத்தாலும் அதை விடமாட்டார்.

முறுக்கி டேப் சுத்துறதைப் பற்றி நான் கன நேரம் எழுதப் போறதில்ல. எங்கட வெக்கைக்கும் உப்புக் காத்துக்கும் அந்த டேப்பின்ட பசை இளகி, ஒரு நாளைக்குத் தானா அவிழும். டேப் கரண்டை மறைக்கத்தான், வயரைப் பிடிச்சு வச்சிருக்க அதால ஏலாது. செம்பையும் அலுமினியத்தையும் சேத்து முறுக்கிறது எல்லாத்தையும் விட மோசம், அதுக்கெண்டு செய்த கனெக்டர் இல்லாம அந்த ரெண்டையும் தொடவிடவே கூடாது.

அந்தக் கிழமையே 101 பஸ்ஸில ஏறி புறக்கோட்டைக்குப் போனன். முதலாம் குறுக்குத் தெருவில எலக்ட்ரிக் கடைகள் வரிசையா இருக்கு, அதில ஒரு கடை நானா நான் கேட்டவுடன சாமானை எடுக்காம, "தம்பி, என்ன வயர், எத்தனை வயர், எங்க போடப் போறீங்க?" எண்டு கேட்டார். நான் அது வரைக்கும் கடையில போய் "கனெக்டர் தாங்கோ" எண்டு மட்டும்தான் கேட்டிருக்கிறன். அவர் கேட்ட மூண்டையும் தெரியாம கனெக்டர் வாங்கேலாது எண்டது எனக்கு அப்பதான் விளங்கினது.

அங்க வாங்கினதுதான் லீவர் கனெக்டர். கண்ணாடி மாதிரி உடம்பு, செம்மஞ்சள் லீவர், ஜேர்மனிக்கார வாகோ கொம்பனியின்ட 221 எண்ட சீரீஸ். லீவரைத் தூக்கி, வயரை விட்டு, லீவரை அமத்தினாச் சரி, உள்ள ஒரு ஸ்பிரிங் வயரைப் பிடிச்சுக்கொண்டே இருக்கும், சூட்டில செம்பு விரிஞ்சு சுருங்கினாலும் ஸ்பிரிங் பின்னால போய் அமத்தும், ஸ்க்ரூவுக்கு அது ஏலாது. ஒத்தைக் கம்பி, ஏழு கம்பி, பிளெக்ஸ் மூண்டையும் எடுக்கும், ஒரே கனெக்டரில கலந்தும் போடலாம், ஆனா ஒரு ஓட்டைக்கு ஒரு வயர்தான். சாதாரண அளவு 4 சதுர மில்லிமீற்றர் வரைக்கும் எடுக்கும், 32 அம்பியர், 450 வோல்ட் எண்டு மேலயே அடிச்சிருக்கு. தோல் உரிக்கவேண்டியது 11 மில்லிமீற்றர், அந்த அளவையும் உடம்பிலயே கோடு போட்டுக் காட்டியிருக்கு, வயரை அதில வச்சுப் பாத்து உரிக்கலாம். குறைய உரிச்சா ஸ்பிரிங் தோலைப் பிடிக்கும், கூட உரிச்சா செம்பு வெளிய நிக்கும். 7/1.04க்கு, அதாவது 6 சதுரத்துக்கு, அதே சீரீஸில பெரிசு வேறயா இருக்கு, அது 41 அம்பியர், சின்னதுக்குள்ள அதைத் திணிக்கப் பாக்கவேண்டாம். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கிறது எனக்குச் சரியாப் பிடிச்சது, வயர் கடைசி வரைக்கும் போயிருக்கோ எண்டு கண்ணால பாக்கலாம்.

விலை கூடத்தான். அதால அதே மாதிரி உருவத்தில, பேர் இல்லாத சாமான்களும் ஒன்லைனில மலிவா வருது, நானும் முதல்ல ஒரு பைக்கட் எடுப்பிச்சன். 2.5 வயரைப் போட்டு லீவரை அமத்தி இழுத்தன், ரெண்டில சும்மா கழண்டு வந்தது, ஒண்டில லீவரே ஒடிஞ்சுது. இன்னொண்டை உடைச்சுப் பாத்தா உள்ள செம்புத் தகடு கடதாசி மாதிரி மெல்லிசு. எல்லா மலிவுச் சாமானும் இப்பிடித்தான் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா கொம்பனிப் பேர், அம்பியர், வோல்ட், வயர் அளவு, உரிக்கிற நீளம் ஒண்டுமே அடிக்காத கனெக்டரை 230 வோல்டில நம்பி சுவருக்குள்ள வைக்க எனக்கு இனி மனம் வராது.

லீவர் இல்லாம நேரத் தள்ளுற வகையும் இருக்கு, மலிவு, சின்னன், லைட் பொக்ஸுக்கு நல்லம். ஆனா அது விறைப்பான வயருக்கு, பிளெக்ஸைத் தள்ளினா நுனி மடங்கும், உள்ள போகாது. சிலர் முறுக்கித் தள்ளிவிடுவினம், வேண்டாம். யூடியூபில அமெரிக்காக்காரர் திருகிற தொப்பி மாதிரிக் கனெக்டரும் இஞ்ச லைட் செட்டுகளோட வருது, உள்ள உலோக ஸ்பிரிங் இருக்கோ எண்டு பாருங்கோ, வெறும் பிளாஸ்டிக் தொப்பியெண்டா குப்பையில போடுங்கோ, ஸ்பிரிங் இருந்தாலும் எத்தனை வயர் என்ன அளவு எண்டு பொருந்தவேணும். நசுக்கிற வகையில நிறம்தான் வயர் அளவைக் காட்டும், சிவப்பு 1.5 சதுர மில்லிமீற்றர் வரைக்கும், நீலம் 2.5 வரைக்கும், மஞ்சள் 4இல இருந்து 6 வரைக்கும், அதுக்குரிய கருவி இல்லாம சாதாரண குறட்டால நசுக்கினா பிடிச்சமாதிரித்தான் இருக்கும். ஓட்டோவுக்கும் காருக்கும் செட் பூட்டுற இடத்தில பாவிக்கிற, வயரைக் கத்தியால வெட்டிப் பிடிக்கிற நீலக் கிளிப்பை வீட்டு வயரிங்கில கண்டிருக்கிறன், அது 12 வோல்ட் வாகனத்துக்கு.

12 வோல்ட் எண்டவுடன இன்வேட்டர் ஞாபகம் வருது, கன பேர் இன்னும் வச்சிருக்கினம். வோல்ட் குறைவுதானே எண்டு பற்றரிப் பக்கத்தில ஏனோதானோ எண்டு விடுறது பெரிய பிழை. 600 வாட் எடுக்கேக்க 12 வோல்ட் பக்கத்தில 50 அம்பியர் போகுது, இந்தச் சின்னக் கனெக்டர் ஒண்டும் அங்க தாங்காது, தடிச்ச வயரும் வடிவா நசுக்கின லக்கும் (போல்ட் போக ஓட்டை உள்ள உலோக நுனி) போல்ட்டும் வேணும். அதேமாதிரி குளிக்கிற ஹீட்டர். 5.5 கிலோவாட் எண்டா 24 அம்பியருக்குக் கிட்ட. அதுக்கு மெயின் போர்ட்டில இருந்து தனி லைன், இடையில ஜொயின்டே இல்லாம, சுவிச் வரைக்கும் ஒரே வயர். எந்தக் கனெக்டரை விடவும் இல்லாத ஜொயின்ட் நல்லம் எண்டு அந்த அண்ணை சொல்லுவார். பல்கனியில கடல் காத்துப் படுற இடத்தில போட்டிருந்த லைட்டின்ட கனெக்டரைப் பிறகு திறந்தன், ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்து, வயர் தொடத் தொட உதிருது. அதுக்கு இப்ப தண்ணி போகாத பொக்ஸும், உள்ள ஜெல் நிரப்பின கூடும் போட்டிருக்கிறன்.

ஜொயின்ட் எதுவா இருந்தாலும் மூடியுள்ள பொக்ஸுக்குள்ள, பிறகு திறந்து பாக்கக் கூடிய இடத்தில இருக்கவேணும், பூச்சுக்குள்ள புதைக்கிற வேலை வேண்டாம். எர்த் வயரையும் மற்ற வயர் மாதிரியே கனெக்டரில போடுங்கோ, கரண்ட் போறேல்லைத்தானே எண்டு அதை முறுக்கி விடுறதைக் கனக்கக் காணுறன், தேவைப்படுற அண்டைக்கு அதுதான் உயிரைக் காப்பாத்துறது. நிறத்தையும் நம்பவேண்டாம். பழைய வீடுகளில சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், இப்ப மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், புது மூண்டு பேஸ் வயரிங்கில கறுப்பு ஒரு பேஸ். எங்கட கட்டடத்தில ரெண்டு காலத்து வயரும் ஒரே பொக்ஸுக்குள்ள கிடக்கு. அதால மெயினை இறக்கின பிறகும் வோல்ட் பாக்கிற கை மீற்றரை முதல்ல கரண்ட் இருக்கிற இடத்தில வச்சு அது வேலை செய்யுதோ எண்டு பாத்து, பிறகு வயரில வச்சுப் பாத்து, திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில பாக்கிறன். டெஸ்டர் பல்ப் எரியேல்ல எண்டு மட்டும் கை வைக்கிறதை நிப்பாட்டிட்டன். மெயின் போர்ட்டுக்குள்ள நான் இப்பவும் தொடுறதில்ல, அது அண்ணையின்ட வேலை.

போன ஞாயிறு எதிர் வீட்டு அன்ரி ஹோல் பேன் ஓடேக்க ஏதோ மணக்குது எண்டா. மெயினை இறக்கிப்போட்டு ஏணி வச்சு ஏறி மேல் மூடியைக் கழட்டினன், மூண்டு நியூட்ரலையும் பேன் வயரையும் ஒண்டா முறுக்கிச் சுத்தின டேப், பசை வழிஞ்சு சீலிங்கில ஒட்டிக் கிடக்கு, உள்ள செம்பு கறுத்திட்டு. கருகின நுனிகளை நல்ல செம்பு வரும் வரைக்கும் வெட்டினன். என்னட்ட இருந்தது மூண்டு ஓட்டைக் கனெக்டர், இது நாலு வயர், அஞ்சு ஓட்டை உள்ளதை எடுக்கவேணும். அந்த லைன் பிரேக்கரை இறக்கி, போடவேண்டாம் எண்டு கடதாசியில எழுதி ஒட்டிப்போட்டு வந்திருக்கிறன். அன்ரி வெக்கை தாங்கேலாம டேபிள் பேனை முன்னறைக்கு இழுத்து வச்சிருக்கிறா, நாளைக்கு வேலை முடிய புறக்கோட்டைக்குப் போய் எடுத்துக்கொண்டு வரவேணும்.